குடைத்துணிக் கொடி

படத்துக்குக் கீழே மனிதர் அற்றது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அமலோற்பவம் காலையிலிருந்து அதை ஏழெட்டுத் தடவை படித்துவிட்டாள், படிக்கப் படிக்க ஒரு எழுத்துகூட மாறுகிற வழியைக் காணோம். குருசடித்துறை, கன்னியாகுமரி மாவட்டம், நான்கு வருஷத்துக்கு முந்தைய பிப்ரவரி 19, பிற்பகல் 3.40, கதிர்வீசும் கரிய மணற்கரை, இன்று மனிதர் அற்றது, கம்பத்தில் எச்சரிக்கைக் கொடி. மேலே இங்கிலீஷ், கீழே தமிழ், நடுவே ஒரு கோடு. அவள் பிறந்த ஊருக்கு உள்ளங்கை அகல அட்டை போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். எண்ணூறு வீடு, ஒரு கோயில், இரண்டு பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்கு உள்ளே இடமில்லாமல் வெயிலில் நிற்கிற கூட்டம், மீன் ஏலத்தில் காதைக் கிழிக்கிற அவளுடைய பெரியம்மா மகள் ரெஜினாளின் தொண்டை, அத்தனையையும் அந்த இரண்டு சொல் வாரிக் கடலில் கொட்டிவிட்டது. மனிதர் அற்றதாம். அப்படியென்றால் இந்த நாற்காலியில் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார், ஆவியா. நாற்காலியும் உடைசல் நாற்காலி, சாய்ந்தால் கிறீச்சென்று கத்தும், ஊசி விழுந்தால் கேட்கிற அந்த ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஏசி நேரே முழங்காலில் அடிக்கிறது. மெட்ராஸில் இந்தக் கண்காட்சி தொடங்கி நேற்றோடு நான்கு நாள், நான்கு நாளும் அவள் கீழே வாசலில் பை வாங்கி வைக்கிற வேலையில் இருந்தாள், மாடி இன்னொரு காவல்காரி தேவகிக்கு. இன்றைக்கு தேவகி லீவு போடாமலிருந்தால் இந்தப் படத்தை அவள் பார்த்தே இருக்கமாட்டாள். பார்க்காமலே இருந்திருக்கலாமோ. சே, அது என்ன பேச்சு.

மணி மூன்றரை ஆகப்போகிறது. நான்கு மணிக்குப் படம் எடுத்தவர் வருகிறார், நந்தகிஷோர் என்று பெயர், பெங்களூர்க்காரர், பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள். அதுவரை இவள் வேலை யாரும் படத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வது. தொட என்ன இருக்கிறது இங்கே. அணுகுண்டு வெடித்துப் பார்த்த இடங்களின் படங்கள், சுவருக்குச் சுவர். அமெரிக்கப் பாலைவனத்தில் வரிசையாகக் குழிகள், அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி. ரஷ்யாக்காரன் வெடிவைத்த குழியில் தண்ணீர் நிரம்பி உண்டான ஏரி, வட்டமென்றால் அப்படியொரு வட்டம், சாமி செய்த ஏரி எதுவும் இப்படி வட்டமாக இருக்காது. பசிபிக் கடலில் ஒரு தீவு இருந்த இடத்தில் கருநீலமாக ஒரு ஓட்டை. ராஜஸ்தானத்தில் முள்வேலி, மணல், வேலிக்குள்ளே அதே மணல். கடைசியாக இந்த வாசலோரச் சுவரில், ஆறடி அகலத்தில், இருப்பதிலேயே பெரிய படமாக, குருசடித்துறை. குண்டு எதுவும் அங்கே வெடிக்கவில்லை. ஆனால் அந்தக் கறுப்பு மணலுக்குள் இருக்கிற தோரியச் சரக்குக்காக ஒரு காலத்தில் குண்டு செய்கிற நாடுகள் ஆலாய்ப் பறந்தனவாம், அதனால் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது என்று பக்கத்து அட்டையில் நீளமாக எழுதியிருக்கிறது. அதில் தப்பில்லை, அவளுடைய அப்பாவும் சொல்லியிருக்கிறார், காந்தத்தைக் கயிற்றில் கட்டி மணலில் இழுத்து அவளும் தங்கை லில்லியும் கறுப்பு மீசை வளர்த்து விளையாடியிருக்கிறார்கள். படமும் நல்ல படம்தான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கவிழ்த்துப் போட்ட கட்டுமரங்கள், மடித்த வலை, பிள்ளைகள் கிரிக்கெட்டுக்கு நட்ட மூன்று கம்பு, பிள்ளைகள் இல்லை. ஈ காக்கை இல்லை. வலது ஓரத்தில் சிலுவை நட்ட குருசடி, அதன் பக்கத்தில் கம்பம், கம்பத்தில் கறுப்பாக ஒரு துணி. காலையில் முதலில் கண்ணில் பட்டது அந்தத் துணிதான். முக்கோணம். கீழ்விளிம்பு உள்வாங்கி வளைந்திருக்கிறது, மூலையில் ஒரு சின்ன ஓட்டை, ஓட்டையைச் சுற்றி வெள்ளை நூல். ஆறடிப் படத்தில் நூல்கூடத் தெரிகிறது. எச்சரிக்கைக் கொடிக்கு எவனாவது வெள்ளை நூலில் ஓட்டை தைப்பானா. குடைக்கம்பியின் நுனி மாட்டுகிற ஓட்டை அது. கறுப்பு நூல் தீர்ந்துபோய் வெள்ளை நூலில் அவளே தைத்தது.

அன்றைக்கு விடியற்காலம் நாலரைக்கு லில்லிபுஷ்பம் போனாள். கூடப் பிறந்த ஒரே தங்கை, முப்பத்தெட்டு வயசு, காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஆரம்பித்த கட்டி ஒன்றரை வருஷத்தில் அவளைக் குடித்துவிட்டது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் எத்தனையோ டெஸ்ட் எடுத்தார்கள், மணலா, தலைவிதியா என்று மட்டும் ஒரு டாக்டரும் வாயைத் திறக்கவில்லை. விடிந்ததும் கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை வந்து வாசலில் நின்றார், கம்பத்தில் கட்டக் கறுப்புத் துணி வேண்டும். சாவு விழுந்தால் குருசடியில் கறுப்புக்கொடி ஏற வேண்டும், அதைப் பார்த்துவிட்டு எந்தக் கட்டுமரமும் கடலில் இறங்காது, அடக்கம் முடிகிறவரை ஊருக்குத் தொழில் இல்லை. வீட்டில் கறுப்பு என்று ஒரு துண்டுத் துணி கிடையாது. லில்லி சிவப்புக்காரி, மஞ்சள்காரி, அவள் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினால் அத்தனையும் கண்ணைப் பறிக்கிற நிறம். அவள் சிரிப்பது மாதிரியே இருந்தது, ஏக்கா, நான் போறதுக்கும் உனக்கு உடுப்பு அகப்படலியா என்று கேட்பது மாதிரி. அமலோற்பவம் மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த ஆண்கள் குடையை விரித்து, எட்டுத் துண்டில் ஒரு துண்டைக் கத்தரியால் வெட்டிக் கொடுத்தாள். அன்றைக்குச் சாளைப் பாடு. நாலு நாளாகக் கரையை ஒட்டிச் சாளை மொய்த்துக்கொண்டிருந்தது, பக்கத்துத் துறைகளில் வலை கிழியக் கிழிய மீன். குருசடித்துறையில் ஒரு மரம் இறங்கவில்லை. இளவட்டங்கள்கூட முணுமுணுக்கவில்லை. ஒரு பொம்பிளைக்காக, சங்கத் தலைவர் பெண்டாட்டி இல்லை, சாமியாரின் சொந்தம் இல்லை, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு சாதாரணப் பொம்பிளைக்காக ஊரே தொழிலை விட்டுவிட்டுக் கரையைக் காலியாக்கிவிட்டு நின்றது. மூன்று மணிக்குக் கோயில், மூன்றரைக்குத் துக்கமணி, மூன்று நாற்பதுக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஆளாளுக்கு ஒரு பிடி மண். அந்த நேரத்தில்தான் இந்த மனுஷன் கேமராவைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்திருக்கிறான். தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் இரண்டாயிரம் பேர் நின்று அழுதுகொண்டிருக்க, இந்தப் பக்கம் நின்று யாரும் இல்லை என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறான். அந்த வெறுமை என்ன வெறுமை என்று இவனுக்குத் தெரியுமா. அது லில்லிக்கு ஊர் செய்த மரியாதை. அதற்கு மேல் ஒரு மரியாதை செய்ய அந்த ஊரிடம் ஒன்றும் கிடையாது.

விரல் தானாகக் காதுக்குக் கீழே போயிற்று. அமலோற்பவம் அதை இழுத்து மடியில் வைத்தாள். ஒன்றுமில்லை, காலையிலும் ஒன்றுமில்லை, நேற்றும் ஒன்றுமில்லை. நான்கு வருஷமாக அந்த விரலுக்கு வேறு வேலை கிடையாது, சோறு பொங்கும்போது, பஸ்ஸில், பூசை நடுவில், போய் அமுக்கிப் பார்த்துவிட்டு வரும். ஐம்பத்தொரு வயசுக்கு ஏதாவது இருந்தாலும் இருக்கட்டும். இல்லை, இருக்கட்டும் என்று சொல்ல முடியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது, அதை யாரிடம் மறைக்க. ராத்திரி புருஷன் காசிமேட்டிலிருந்து கை முழுக்க எஞ்சின் ஆயிலோடு வந்து, என்ன தடவிட்டே இருக்க என்று கேட்டால், கொசு என்பாள். படத்தில் மனிதர் அற்றது என்று போட்டிருப்பதைப் பார்த்ததிலிருந்து விரலுக்கு இன்னும் அவசரம். நாமும் போய்ச் சேர்ந்தால் அட்டை உண்மையாகிவிடும் என்கிற மாதிரி. போகமாட்டேன் என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். எதிரே நின்ற காலேஜ் பெண் திரும்பிப் பார்த்தது, அமலோற்பவம் இருமினாள்.

மதியம் ஒரு தாயும் மகளும் இந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்கள். குழந்தை, இங்க இருந்தவங்க எல்லாம் செத்துட்டாங்களா என்று கேட்டது, அம்மா உச்சுக்கொட்டி, பாவம்டா என்றாள். அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாள். இந்த இடத்தில் காவல் நிற்கிறவர்கள் பார்வையாளரிடம் பேசக்கூடாது, பாத்ரூம் எங்கே என்று கேட்டால் மட்டும் கை காட்டலாம், ஏஜென்சிக்காரன் முதல் நாளே அடித்துச் சொல்லியிருக்கிறான், மீறினால் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சரி, குழந்தைக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு சஃபாரி சட்டைக்காரர் வந்தார். அட்டையை வாய்விட்டுப் படித்தார், பெண்டாட்டியிடம் திரும்பினார், ஆளே இல்லாத இடம்தானே, மொத்தத்தையும் தோண்டிட்டுப் போகவேண்டியதுதானே, எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றார். நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார், பெண்டாட்டியின் கைப்பையை அவர்தான் வைத்திருந்தார். ஊரில் இப்போது அதுதான் பேச்சு. கரையில் இன்னும் மூன்று கிலோமீட்டருக்கு மணல் எடுக்கப் போகிறார்களாம், யாருக்கும் ஆட்சேபணை உண்டா என்று கேட்கக் கூட்டம் போடப்போகிறார்களாம், ரெஜினாள் போனில் கத்தினாள், நீயும் வந்து நில்லுட்டீ என்று. ஊர்க்காரர்கள் போய் நின்று கத்தட்டும், எதிரே அதிகாரி மேஜையில் இந்தப் படம் இருக்கும். நாளைக்கு இந்தப் படங்களெல்லாம் புத்தகமாக அச்சுக்குப் போகிறதாம், டெல்லியில் வெளியிடுகிறார்களாம், கீழே வாசலில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அச்சில் ஏறிவிட்டால் முடிந்தது. புத்தகத்தில் ஆள் இல்லை என்று போட்ட ஊரில் ஆள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

வினோதினி மேடத்திடம் சொல்லாமலும் இல்லை. இந்தக் கேலரியே அவர் கையில்தான் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் பிடித்து, மேடம், அந்தப் படம் எங்க ஊர், அட்டையில தப்பு இருக்கு என்றாள். மேடம் போனிலிருந்து கண்ணை எடுத்து, ஸ்பெல்லிங்கா என்று கேட்டார். இல்ல மேடம், ஊர்ல ஆள் இருக்கு. மேடம் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை, அது ஒரு ஃபீல்மா, அப்புறம் பார்க்கலாம் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அப்புறம் என்றால் எப்போது. ஃபீல் என்றால் என்ன. அவளுக்கும்தான் ஒரு ஃபீல் இருந்தது, அன்றைக்கு மண் போட்டுவிட்டு வந்து குடையை விரித்தபோது, எட்டில் ஒரு பங்கு வானம் திறந்து கிடந்தது, வெயில் சரியாக அந்த வழியாக நெற்றியில் விழுந்தது. அந்தக் குடையை அவள் எறியவில்லை. புதுத்துணி போட்டுத் தைக்கவும் இல்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கொடியை மறுநாள் யார் அவிழ்த்தார்கள், எங்கே போட்டார்கள் என்று தெரியாமல் நான்கு வருஷமாக உறுத்திக்கொண்டிருந்தது. இங்கே இருந்திருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால், ஏசியில்.

அவள் எழுந்தாள். நாற்காலி கத்தியது, கத்தட்டும். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு ஹாலை ஒரு சுற்றுச் சுற்றினாள், காவல்காரி சுற்றலாம், அதற்கு யாரும் தடை போடவில்லை. இந்தத் தடவை குழிகளைப் பார்க்கவில்லை, குழிகளுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். வட்ட ஏரிக்குப் பின்னால் தொலைவில் கோடு மாதிரி ஒன்று, வேலியா, ஆட்டுப்பட்டியா. ராஜஸ்தானத்து மணலில் ஒட்டகக் கால் தடம், ஒட்டகம் தானாகவா வந்திருக்கும், பின்னால் ஒருத்தன் பீடி குடித்துக்கொண்டு வந்திருப்பான். தீவுப் படத்தில் தென்னை, வரிசையாக, ஒரே இடைவெளியில். காட்டுத் தென்னை வரிசையில் நிற்காது, நட்டவன் ஒருத்தன் இருந்திருக்கிறான். எல்லாப் படத்திலும் ஆள் இல்லை. ஆள் இல்லாத இடம் என்று முதலில் சொன்னது யார், குண்டு போட்டவன். யாரும் இல்லை, அதனால் வெடிக்கலாம் என்று அவன்தான் முதலில் சொல்லியிருப்பான். குண்டு கூடாது என்று படம் பிடிக்கிற இந்த நல்லவர் அவன் சொன்னதையே அழகாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார், பாவம், அது அவருக்கே தெரியாது. இந்தப் படங்களின் ஆட்களெல்லாம் அந்த நேரம் எங்கே போயிருந்தார்கள், எந்த லில்லியை அடக்கம் செய்ய. அமலோற்பவத்துக்குக் கோபம் வந்தது. ஊரில் அவளுக்குக் கோபக்காரி என்று பெயர், மெட்ராஸ் வந்து இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பெயரை எங்கேயோ தொலைத்திருந்தாள். கோபம் வந்ததும் முழங்கால் வலி தெரியவில்லை. நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுவந்து குருசடித்துறைக்கு நேர் முன்னால், படத்தின் நடுவில் போட்டு, அதன் முன்னால் நின்றுகொண்டாள். போனால் கோட்டுதானே போகும். அது அவள் அளவும் இல்லை.

மணி நான்கு அடிக்கும் முன்பே வந்துவிட்டார்கள். பதினைந்து இருபது பேர், நந்தகிஷோர் நடுவில், நரைத்த தாடி, கதர்ச் சட்டை, குரல் மெதுவாக. நல்ல தமிழும் பேசினார். ஒவ்வொரு படமாக நின்று சொல்லிக்கொண்டு வந்தார், கடைசியில் இந்தப் படத்துக்கு வந்தார். அந்தக் கரையில் இருபது நிமிஷம் தனியாக நின்றாராம். யாராவது இருக்கிறீர்களா என்று குரல் கொடுத்தாராம், ஒரு நாய்கூடக் குரைக்கவில்லையாம். வாழ்க்கையில் அப்படியொரு மௌனத்தைக் கேட்டதில்லை என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது, நடிப்பு இல்லை, அது அவளுக்குத் தெரிந்தது, தெரிந்ததும் கோபம் குறையப் பார்த்தது. குறையவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"சார், மணிச்சத்தம் கேக்கலியா" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். வினோதினி மேடம் கண்ணாலேயே அவளை அடித்தார். நந்தகிஷோர் மட்டும், என்ன மணிம்மா என்று கேட்டார்.

"துக்கமணி. விட்டுவிட்டு அடிக்கும். மூன்றரைக்கு அடிச்சது. நீங்க மூன்று நாற்பதுக்குப் படம் எடுத்திருக்கீங்க."

அவர் யோசித்தார். கேட்டது, தோப்புக்குப் பின்னால் எங்கேயோ கேட்டது, நேரம் சொல்ல மணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன் என்று கடைசியில் சொன்னபோது அவர் குரல் இன்னும் மெதுவாகியிருந்தது. அமலோற்பவம் சொன்னாள். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை, வேறு வார்த்தைகள் வந்தன. என் தங்கச்சியை அடக்கம் பண்ணிக்கிட்டு இருந்தோம் என்றாள், சாவு விழுந்தால் கரையில் ஒருத்தரும் நிற்கமாட்டோம், அதுதான் எங்க வழக்கம் என்றாள். எண்ணூறு வீடு இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது, வேண்டுமென்றால் ரெஜினாளுக்குப் போன் போடுங்கள், அவள் சத்தம் போனே இல்லாமல் இங்கே கேட்கும் என்றாள். யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். பத்திரிகைக்காரப் பெண் ஒன்று எழுத ஆரம்பித்தது. நந்தகிஷோர் படத்துக்குப் பக்கத்தில் குனிந்து, அப்போ இந்தக் கொடி என்று விரல் வைத்தார், தொடக்கூடாது சார் என்று அவள் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"அது எச்சரிக்கை இல்ல சார். அது எங்க வீட்டுக் குடை. வீட்ல கறுப்புத்துணி இல்ல, நான்தான் வெட்டிக் கொடுத்தேன். அந்த வெள்ளை நூலு நான் தைச்சது."

அவர் வெகுநேரம் குனிந்தபடியே அந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது முகம் ஒரு மாதிரி வெளுத்திருந்தது. நாளைக்கு அச்சு என்று வினோதினி மேடம் மெல்ல ஞாபகப்படுத்தினார். நந்தகிஷோர் அதைக் கேட்ட மாதிரியும் தெரியவில்லை, கேட்காத மாதிரியும் தெரியவில்லை. அட்டையை மாற்றுவாரா, மாட்டாரா, அந்த முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. மாற்றுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் உட்கார்ந்துவிடலாம் என்று அவளுக்கு இருந்தது, கால் கடுத்தது. அதற்குள் பத்திரிகை கேமராக்காரப் பையன்கள் இரண்டு பேர் முன்னால் வந்து, சார் படத்துக்குப் பக்கத்துல நில்லுங்க, முழுப் படமும் வரணும் என்று இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நாளைக் காலைப் பேப்பரில் இந்தப் படம் வரும், எந்த அட்டையோடு வருகிறதோ. ஒருத்தன் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டே கையை ஆட்டினான்.

"அம்மா, கொஞ்சம் தள்ளிக்குங்க. படத்துல விழுறீங்க."

அமலோற்பவம் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். விரல் காதுப் பக்கம் போகப் பார்த்தது, போகவிடவில்லை, கையைக் கீழே தொங்கவிட்டு நேராக நின்றாள். அவள் தோளுக்கு மேலே கொடி தெரியும்படி அரை அடி இடப்பக்கம் மட்டும் நகர்ந்தாள்.

"விழட்டும் தம்பி" என்றாள். "அன்னைக்குத்தான் நிக்க முடியல. இன்னைக்கு நிக்கேன், எடு."